புழு எது என்று தீர்மானம் போட்ட இறால்

ஒரு கடலில் ஓர் இறாலும், ஒரு நத்தையும், ஒரு சன்னியாசி நண்டும், ஒரு கோமாளி மீன் தம்பதியும் குடியிருந்தார்கள்.

கடல் என்றால் பெரிய கடல் அல்ல. நாலடி நீளம், இரண்டடி உயரம். கீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு அறையில், சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு சுவராக ஒதுக்கிவிட்டு, ஞானசிகாமணி என்பவர் வைத்திருந்த கண்ணாடித் தொட்டி அது. உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், அலைக்கு ஒரு மோட்டார், வெயிலுக்கு ஒரு நீல விளக்கு. அவருடைய மனைவி ஹெலனுக்கு மட்டும் உட்கார நாற்காலி போட இடம் இல்லை.

இறாலுக்குச் சிவப்பு முதுகு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, ஆளை மீறிய வெள்ளை மீசை. மீன்களின் வாய்க்குள் புகுந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்வது அதன் தொழில். நத்தை கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும். சன்னியாசி நண்டு பேருக்குத்தான் சன்னியாசி. யாராவது செத்தால் அவர் வீட்டில் குடிபுகலாமா என்பதே அதன் தியானம். கோமாளி மீன்களில் மனைவிதான் பெரிய உடம்பு, பெரிய குரல். அவர்கள் குடியிருந்தது ஒரு கடல் சாமந்திக்குள். சாமந்தி பூப்போல இருக்கும், தொட்டவரைக் கொட்டும். கோமாளி மீன்களை மட்டும் கொட்டாது.

நாலு பேர் கூடினால் ஒரு சங்கம். இங்கே ஐந்து பேர் இருந்தார்கள். ஆகவே 'கண்ணாடிக்கடல் குடியிருப்போர் நலச் சங்கம்' இருந்தது. பெரிய கோமாளி மீன் தலைவி. இறால் செயலாளர், மீசையால் மணலில் எழுதும். மற்றவர்கள் கை தூக்குபவர்கள். கை இல்லாதவர்கள் இருப்பதைத் தூக்குவார்கள்.

சங்கத்துக்கு ஒரு குறை இருந்தது. பாறை இடுக்குகளில் முள்புழுக்கள் இருந்தன. அவை யாரையும் கடிக்கவில்லை. மீன்கள் சிந்திய தீனியைத் தின்று, மணலைக் கிளறிவிட்டு, தங்கள் பாட்டுக்கு இருந்தன. ஆனால் பார்க்க அழகாக இல்லை. அது போதாதா?

"விருந்தாளி யாராவது கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா, நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?" என்றது தலைவியம்மா.

"நேத்து என் வாசல்ல ரெண்டு நெளிஞ்சுது. வாசல்ல!" என்றது நத்தை. வாசலை அது முதுகிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தது வேறு விஷயம்.

"எச்சில் பொறுக்கிங்க!" என்றது நண்டு. நண்டும் எச்சில்தான் பொறுக்கியது. ஆனால் அது இடுக்கியால் பொறுக்கியது.

"அதுங்க இல்லேன்னா கீழ விழற தீனியை யாரு..." என்று ஆரம்பித்தது கோமாளிக் கணவன்.

"நீங்க சும்மா இருங்க," என்றது தலைவியம்மா. அது சும்மா இருந்தது.

இறால் மணலில் எழுதியது: 'புழு இல்லாத தொட்டி எங்கள் பிறப்புரிமை.' எல்லோரும் தூக்க வேண்டியதைத் தூக்கினார்கள்.

அதே வாரம் ஞானசிகாமணி குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். ஒரு முள்புழு சோம்பல் முறித்து, முழு நீளத்துக்கு நீண்டு, அவரைப் பார்த்தது. அவர் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். சாயங்காலமே மீன் கடைக்கு ஓடி, ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார்.

"இன்னொண்ணா? போன மாசம்தானே 'இதுதான் கடைசி'ன்னு சொன்னீங்க?" என்றாள் ஹெலன்.

"இது மீன் இல்ல ஹெலன், மருந்து! பேரு ராஸ். இருக்கற புழுவெல்லாம் தின்னுடும்."

"தின்னு முடிச்ச அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"புழு தீர்ந்துட்டா இது என்ன திங்கும்னு கேக்கறேன்."

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி உனக்கு!" என்றார் ஞானசிகாமணி. கடைக்காரரிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தொட்டிக்குள் விட்டதும் ராஸ் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து மறைந்தது. மூன்று நாள் வெளியே வரவில்லை. புது இடம் என்றால் அந்த மீன் அப்படித்தான், படுத்துவிடும். சங்கம் மணல்மேட்டைச் சுற்றி நின்று கவலைப்பட்டது.

"நம்ம தீர்மானத்துக்குன்னு அனுப்பின ஆளு. இப்படியா செத்துப்போகணும்?" என்று தலைவியம்மா இரங்கல் உரையைத் தொடங்கியபோது மணல் பிளந்தது. ராஸ் வெளியே வந்தது. பச்சை உடம்பு, கன்னத்தில் ரோஜா நிறக் கோடுகள், வாலில் ஒரு மஞ்சள் பிறை. பக்கத்துடுப்புகளைச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரிபோல ஒரு சுற்று சுற்றியது.

"வணக்கம். நான் புழு மட்டும்தான் சாப்பிடுவேன்," என்றது ராஸ். "வேற எதையும் தொட மாட்டேன். கொள்கை."

"கொள்கை உள்ள ஆளு!" என்று தலைவியம்மா கணவனை இடித்தது. "பாருங்க, கத்துக்கோங்க!"

பதினொரு நாள்தான். ஒரு முள்புழு மிச்சம் இல்லை. பாறைக்குள் மூக்கை விட்டு, கல்லைப் புரட்டி, ராஸ் ஒன்றுகூட விடாமல் தின்றது. சங்கம் அதற்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. தினமும் காலையில் அது இறாலிடம் வந்து வாயைத் திறக்கும். இறால் உள்ளே புகுந்து பல் இடுக்கில் இருக்கும் புழு முடிகளை ஒவ்வொன்றாக எடுக்கும். "உங்க கை பட்டா ஒரு தனி சுகம் மேடம்," என்று ராஸ் சொல்லும். இறாலுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் காலை 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ராஸ் நத்தையை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு தட்டைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடி வருவதற்குள் நத்தை இல்லை. ஓடு மட்டும், விளிம்பில் லேசாக உடைந்து, கிடந்தது.

"ஐயோ சார்! அது நம்ம நத்தையண்ணன்!" என்று அலறியது இறால்.

"நத்தையா?" ராஸ் வாயைத் துடைத்துக்கொண்டது. "நான் ஒரு வீட்டோட கதவைத் தட்டினேன். உள்ள ஒரு புழு ஒளிஞ்சிருந்தது. நீங்களே சொல்லுங்க. ஓட்டுக்கு வெளியே பார்த்தா, அது நீளமா இருந்ததா இல்லியா?"

"இருந்தது..."

"வழவழன்னு?"

"ஆமா..."

"கால்?"

எல்லோரும் யோசித்தார்கள். நத்தையண்ணனோடு இத்தனை மாதம் பழகியும் யாருக்கும் அதன் கால் நினைவுக்கு வரவில்லை.

"கால் இல்ல," என்றது நண்டு. தன்னுடைய கால்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டது. நிறைய இருந்தன.

"பாத்தீங்களா? இத்தனை நாளா உங்க சங்கத்துக்குள்ளேயே ஒரு புழு உக்காந்து ஓட்டுப் போட்டிருக்கு! நான் கண்டுபிடிச்சேன். நன்றிகூட வேண்டாம்."

"நன்றி சார்," என்றது தலைவியம்மா.

இறால் மணலில் எழுதியது: 'கால் இல்லாமல் ஊர்வன யாவும் புழு.'

"நமக்கும் கால் இல்லியே?" என்று மெல்லக் கேட்டது கோமாளிக் கணவன்.

"நாம ஊர்றோமா? நீந்தறோம்! நீங்க சும்மா இருங்க!"

தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கலையும் நேரத்தில் நண்டு தொண்டையைக் கனைத்தது. "துக்க நேரத்துல கேக்கக் கூடாது. அந்த ஓடு... அப்படி ஒண்ணும் பெரிசா உடையலியே? நான் எடுத்துக்கட்டுமா?"

நத்தை போனதில் ஒரே வாரத்தில் கண்ணாடி பச்சைப் பசேல் என்று ஆனது. பாசி தின்ன ஆள் இல்லை. "பரவால்ல," என்றது இறால். "எழுத நல்ல இடம் கிடைச்சுது. மணல்ல எழுதினா அழிஞ்சுடுது." அன்று முதல் தீர்மானங்கள் பாசியில் கீறப்பட்டன.

நண்டு மூன்று நாள் அந்த ஓட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே கையை விட்டு அகலம் பார்த்தது. வாசலைத் தட்டிப் பார்த்தது. கடைசியில் ஒரு மத்தியானம், பழைய வீட்டைவிட்டு ஒரு தாவு தாவியது. சன்னியாசி நண்டுக்கு முன்பக்கம்தான் கவசமும் இடுக்கியும். பின்பக்கம் வெறும் சதை, சுருண்டு கிடக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே, ஒரே ஒரு நொடி, அந்தப் பின்பக்கம் ஊர் பார்க்க வெளியே இருந்தது.

ராஸுக்கு ஒரு நொடி ஏராளம்.

"மன்னிக்கணும்," என்றது ராஸ், கூட்டத்தில். "அவருக்குப் பின்னாடி ஒரு புழு ஒட்டிக்கிட்டு இருந்தது."

"சார், அது அவரோட உடம்பு!" என்றது இறால்.

"பாதி உடம்பு மேடம். அந்தப் பாதி புழு."

"அப்ப முன்பக்கம்?"

"முன்பக்கத்தை மட்டும் தனியா விட்டுட்டுப் போறது நியாயமா? எனக்கு மனசு கேக்கல."

தலைவியம்மா கண்ணீர் விட்டது. உப்புத் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை. "சாரோட மனசு யாருக்கு வரும்! செயலாளர், எழுதுங்க."

இறாலுக்கு இப்போது கை பழகிவிட்டது. செத்தது யார் என்பதைவிடத் தீர்மானத்தின் நடை எப்படி என்பதில் கவனம் போயிற்று. பச்சைக் கண்ணாடியில் அழகாகக் கீறியது: 'ஓடற்ற மெல்லுடல், முழுமையாகவோ பகுதியாகவோ இருப்பினும், புழு எனக் கருதப்படும்.'

படித்துப் பார்த்தது. ஓசை எங்கோ இடறியது. கொஞ்சம் நீளமாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றியது. 'பகுதியாகவோ' என்பதற்குப் பக்கத்தில் 'நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ' என்று சேர்த்தது.

"அடடா! என்ன நடை!" என்று ராஸ் சிலிர்த்தது. "அந்தத் 'தற்காலிகமாகவோ' இருக்கே மேடம்... அங்கதான் நீங்க நிக்கறீங்க!"

இறால் வெட்கத்தில் சிவந்தது. ஏற்கெனவே சிவப்பு என்பதால் நஷ்டமில்லை.

ஒன்பது நாள் கழித்து இறாலுக்கு முதுகு இறுக்கியது. போன பொங்கலுக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்ட மாதிரி மூச்சு முட்டியது.

அது புதிதல்ல. இறாலின் உடம்பு வளரும், ஓடு வளராது. சில வாரத்துக்கு ஒருமுறை பழைய ஓட்டை முதுகில் பிளந்து, உருவிப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். புது ஓடு கெட்டிப்பட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் உடம்பு தண்ணீரில் ஊறின அப்பளம். இதுவரை எத்தனையோ தடவை கழற்றியிருக்கிறது. யாரும் கண்டுகொண்டது இல்லை.

இறால் நிதானமாகப் போய்க் கண்ணாடியில் எழுதியதைப் படித்தது. ஓடற்ற. மெல்லுடல். தற்காலிகமாகவோ.

இன்னொரு முறை படித்தது. தன் கையெழுத்துதான்.

மறுநாள் ஹெலனின் புண்ணியத்தில் ஒரு வழி பிறந்ததுபோல இருந்தது. "தொட்டியா, குட்டையா? உள்ள மீன் இருக்கா தவளை இருக்கான்னுகூடத் தெரியல!" என்று அவள் கத்த, ஞானசிகாமணி சுரண்டியை எடுத்துக் கண்ணாடி முழுவதையும் வழித்துவிட்டார். தீர்மானம் எல்லாம் பச்சைச் சுருளாக மிதந்து வடிகட்டிக்குள் போயிற்று. இறால் பெருமூச்சு விட்டது.

காலையில் ராஸ் வந்து வாயைத் திறந்தது. இறால் உள்ளே போயிற்று.

"கண்ணாடி பளபளன்னு ஆயிடுச்சு, பாத்தீங்களா மேடம்?"

"ஆமா சார். தீர்மானமெல்லாம் அழிஞ்சுபோச்சு. என்ன பண்றது, பாவம்."

"எப்படி அழியும்? எனக்கு மனப்பாடம்!" ராஸ் வாயைத் திறந்தபடியே ஒப்பித்தது, ஒரு சொல் பிசகாமல். இறாலின் மீசை அதன் பற்களுக்கு நடுவே நடுங்கியது. "அது சரி, முதுகு கொஞ்சம் உப்பினாப்ல இருக்கே. எப்போ கழட்டப் போறீங்க?"

"இப்போதைக்கு இல்ல சார்!"

"முன்னாடியே தேதி சொல்லிடுங்க. முந்தின நாள் கொஞ்சம் பட்டினி கிடப்பேன். ஓட்டோட சாப்பிட மாட்டேன், பயப்படாதீங்க. கொள்கை. தவிர, தொண்டையில குத்தும்."

இறால் அவசரக் கூட்டம் கூட்டியது. வந்தது மொத்தம் மூன்று பேர்: கோமாளித் தம்பதி, கௌரவ உறுப்பினர் ராஸ்.

"ஒரு சின்னத் திருத்தம்," என்றது இறால். "ஓடு மாத்தறவங்களுக்கு ரெண்டு நாள் விலக்கு. அவ்வளவுதான்."

"ஆட்சேபணை," என்றது ராஸ். "இன்னிக்கு ரெண்டு நாள்னு ஆரம்பிக்கும். நாளைக்கு ஆளாளுக்கு வந்து 'நான் புழு இல்ல, நான் புழு இல்ல'ன்னு நிப்பாங்க. சட்டம் என்னத்துக்கு ஆகும்?"

"அதானே!" என்றது தலைவியம்மா.

"தலைவியம்மா, தயவுசெஞ்சு யோசிங்க! உங்களுக்கும்தான் ஓடு இல்ல!"

"எனக்குச் செதில் இருக்கு!"

"செதில் ஓட்டுல சேருமாங்கறதை அப்புறம் சாவகாசமாப் பேசிக்கலாம்," என்றது ராஸ், அன்பாக.

தலைவியம்மா சாமந்திக்குள் இரண்டு அங்குலம் பின்வாங்கியது. சாமந்தி அதைச் சுற்றிக் கைகளை மூடியது. "எனக்கென்ன பயம்? எனக்குச் சாமந்தி இருக்கு. சட்டம்னா சட்டம்தான், செயலாளர். நீங்களே எழுதினது. எழுதும்போது இனிச்சுதா?"

கோமாளிக் கணவன் வாயைத் திறந்தது.

"நீங்க சும்மா இருங்க!"

திருத்தம் தோற்றது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இரண்டு, சும்மா இருந்தது ஒன்று.

அதற்குள் தொட்டிக்கு வெளியே வேறு ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கீழே விழுந்த தீனியைத் தின்ன யாரும் இல்லாததால் மணலடியில் எல்லாம் அழுகியது. கண்ணாடி மறுபடி பச்சை. நாற்றம் சமையலறை வரைக்கும் வந்தது.

"காசிமேடு மீன் சந்தை நம்ம வீட்டுக்குள்ள வந்துடுச்சு," என்றாள் ஹெலன், புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு. "நத்தை எங்கே? நண்டு எங்கே? நான் அன்னிக்குக் கேட்டேனா இல்லியா? ஒண்ணு அந்த ராஸ் போகணும், இல்ல இந்தத் தொட்டி போகணும்!"

ஞானசிகாமணி வலையால் துழாவினார். ராஸ் மணலுக்குள் போயிற்று. மணலைத் துழாவினார். பாறைக்குப் பின்னால் போயிற்று. சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் சொன்னபடி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, புனல் மாதிரி உள்ளே செருகினார். தண்ணீர் ஓடட்டும் என்று ஆணியைச் சுட்டுப் பின்பக்கம் பென்சில் தடிமனுக்கு நாலு ஓட்டை போட்டார். ஒரு துண்டு கணவாய் மீனை உள்ளே போட்டுத் தொட்டிக்குள் இறக்கினார். உள்ளே போவது சுலபம். மிரண்ட மீனுக்குத் திரும்பி வர வாசல் தெரியாது.

ராஸ் பாட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. "இதையெல்லாம் நான் பிறக்கும்போதே பாத்தாச்சு," என்று சொல்லிவிட்டுப் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். கணவாய் ஊறி வெளுத்ததே தவிர ராஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மீன் உங்களைவிடப் புத்திசாலி," என்றாள் ஹெலன்.

இறால் எல்லாவற்றையும் பாறை இடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு இப்போது தாங்க முடியாமல் இறுக்கியது. இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளலாம். அதற்கு மேல் தள்ளினால் ஓட்டுக்குள்ளேயே நெரிந்து சாக வேண்டியதுதான். கழற்றினாலும் சாவு. கழற்றாவிட்டாலும் சாவு.

அன்று இறால் பாட்டிலின் பின்பக்கம் போய், ஓட்டை ஒன்றில் தலையை விட்டுப் பார்த்தது. ஓடு இடித்தது. பக்கவாட்டில் முயன்றது. ஓடு இடித்தது. எந்தக் கோணத்திலும் உள்ளே போக முடியவில்லை. இறால் அங்கேயே நின்று யோசித்தது. நெடுநேரம் யோசித்தது.

காலையில் ராஸ் பல் தேய்க்க வந்தபோது, "சார், நாளைக்குக் காலை. விளக்கு எரிஞ்சதும்," என்றது இறால்.

"என்னது, நாளைக்கேவா?" ராஸின் கண் இரண்டும் இரண்டு பக்கம் உருண்டன. "நேர்மையா வந்து சொல்றீங்களே! உங்களை மாதிரி ஆளுங்க இந்தக் காலத்துல ஏது மேடம்!" அன்று முழுவதும் அது சொன்னபடி பட்டினி கிடந்தது.

மறுநாள் விளக்கு எரிந்தது. ராஸ் மணலிலிருந்து எழுந்து, உடம்பை உதறி, இறாலின் இடுக்குக்குப் போயிற்று. இறால் இல்லை. பாறை மேல் இல்லை. பாறைக்குக் கீழே இல்லை.

"சார்! சார்! இங்க!" என்று சாமந்திக்குள்ளிருந்து கத்தியது தலைவியம்மா. "செயலாளர் அந்தப் பாட்டிலுக்குள்ள ஒளிஞ்சிருக்கு! முதுகு பிளந்துடுச்சு! சீக்கிரம் வாங்க சார்!"

உண்மைதான். இறால் விடியும்போதே புனல் வழியாகப் பாட்டிலுக்குள் நுழைந்து, பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. ராஸ் திரும்பிப் பார்த்த அந்த நேரம், ஓட்டிலிருந்து தலை வெளியே வந்துகொண்டிருந்தது. மீசை வந்தது. கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. வால் மட்டும் மாட்டிக்கொண்டது.

ராஸ் புனல் வாயில் நின்றது.

"பாட்டில்..." என்றது தனக்குத்தானே. "பாட்டில்னா ஆபத்து. தெரியும். நல்லாத் தெரியும்." வயிறு நேற்றிலிருந்து காலி. "ஆனா தேதி சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. போகலேன்னா மரியாதை இல்ல."

இறால் ஓர் உதறு உதறியது. வால் விடுபட்டது. பழைய ஓடு, மீசையும் கண்ணும் காலும் அப்படியே இருக்க, மோட்டார் அலையில் மெல்ல ஆடியபடி நின்றது. பின்னால் அப்பளமாக ஊறிய இறால் பாட்டிலின் ஆணி ஓட்டைக்குள் தலையை விட்டது. தலை போயிற்று. தோள் இறுகியது. எலும்பு இல்லை, ஓடு இல்லை, கெட்டியாக எதுவுமே இல்லை. அதுதான் அதன் ஒரே ஆஸ்தி. மூச்சைப் பிடித்து, உடம்பை நீட்டி, நெளிந்து, இழுத்து...

ராஸ் பாய்ந்தது. புனலைத் தாண்டி, பாட்டிலின் கடைசிவரை ஒரே வீச்சு. வாய் நிறையக் கவ்வியது. கடித்தது. காலி ஓடு நொறுங்கித் தொண்டையில் குத்தியது.

பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம், ஓர் அங்குலத் தூரத்தில், மணலில் துவண்டு கிடந்தது இறால்.

"மோசடி!" என்று ராஸ் சுவரில் மோதியது. "வெளியில விடு! தீர்மானப்படி நீ புழு! கேக்குதா? நீ புழு!"

"ஆமா சார், புழுதான்," என்றது இறால், மூச்சு வாங்கிக்கொண்டு. "இல்லேன்னா இந்த ஓட்டை வழியா நுழைஞ்சு வந்திருக்க முடியுமா?"

அதற்குமேல் பேச அதற்குத் தெம்பு இல்லை. இடுக்குக்குப் போகக்கூடக் கால் நிற்கவில்லை. அப்போது கோமாளிக் கணவன் சாமந்தியைவிட்டு வெளியே வந்தது. தலைவியம்மா, "நீங்க சும்மா..." என்று ஆரம்பித்தது. அது சும்மா இருக்கவில்லை. இறாலை மூக்கால் மெல்லத் தள்ளித் தள்ளி, பாறை இடுக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டது.

"மாட்டிக்கிச்சு! ஹெலன், மாட்டிக்கிச்சு!" என்று ஞானசிகாமணி குதித்தார். பாட்டில் மேலே போயிற்று. ராஸ் போகும்போதும் கொள்கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனது.

"பாவம், அழகா இருக்கே!" என்றாள் ஹெலன், பாட்டிலை எட்டிப் பார்த்து. "அதுமேல தப்பு இல்ல. கொண்டுவந்து விட்டவங்களைச் சொல்லணும்." ராஸ் அன்றே, பெரிய பெரிய மீன்கள் வைத்திருந்த ஒரு நண்பர் வீட்டுத் தொட்டிக்குக் குடிபோயிற்று. அங்கே எல்லோரும் அதைவிடப் பெரியவர்கள் என்று கேள்வி.

மூன்றாம் நாள் இறால் கெட்டிப்பட்ட புது ஓட்டோடு வெளியே வந்தபோது, ஞானசிகாமணி பச்சைக் கண்ணாடிக்காக ஒரு புது நத்தையை வாங்கி வந்து விட்டுக்கொண்டிருந்தார். அது ஓட்டுக்குள்ளிருந்து அரைக்கண்ணால் ஊரைப் பார்த்தது.

"செயலாளர்!" என்று தலைவியம்மா ஒன்றுமே நடக்காததுபோலக் கூப்பிட்டது. "யாரோ புதுசா வந்திருக்கு. கால் இருக்கற மாதிரித் தெரியல. என்ன வகைன்னு பாத்து ஒரு தீர்மானம் எழுதிடுங்க."

இறால் நத்தையின் அருகே போய்ப் பார்த்தது. நீளமாக இருந்தது. வழவழ என்று இருந்தது.

"எழுத ஒண்ணும் இல்ல தலைவியம்மா," என்றது இறால். "பக்கத்து வீட்டுக்காரர்."

அடுத்தவரைத் தின்னக் கொடுக்க நாம் எழுதித் தரும் சட்டம், நம் ஓடு கழலும் நாளில் நம்மையும் பெயர் சொல்லிக் கூப்பிடும்.